கொரிந்தா ஏழு குடிவருதாம்

“மோயன், கொரிந்தா ஒண்ணு! நல்லாத் தூங்கினியா? மோயன், கொரிந்தா ரெண்டு! உனக்கு இன்னிக்கும் ஒண்ணும் வரல, போ!”

காலை ஒன்பதே முக்காலுக்கு, லக்சம்பர்க் நகரத்தின் வங்கி வீதியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நடையில் நின்று தபால்காரி ஜோசியான் வெய்டெர்ட் இப்படித்தான் ஊர் பாஷையில் ‘மோயன்’ என்று வணக்கம் சொல்வாள். எதிரே மனிதர் யாரும் இல்லை. சுவரில் ஒரு பலகை. அதில் கொரிந்தா ஒன்று, கொரிந்தா இரண்டு என்று முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளின் பெயர்ச் சீட்டுகள்; பேர் மட்டும்தான், ஆள் கிடையாது. கீழே ஒரே தபால் பெட்டி, ஒரே அழைப்பு மணி. மற்ற தபால்காரர்கள் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்பார்கள். இவள் கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கும்வரை எடுக்கமாட்டாள்.

வயது ஐம்பத்துநான்கு. இருபத்தொன்பது வருடத் தபால் வேலையில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கழுத்தில் கயிறு கட்டிய பேனா, மஞ்சள் தள்ளுவண்டி, அதில் ஒரு குடுவை பீன்ஸ் சூப். நாட்டில் பேருந்துக்குக் காசு வாங்குவதை நிறுத்திய பிறகும் வீட்டுக்கு நடந்தே போவாள். “பஸ்ஸை ஓசியாக் குடுத்துட்டு வீட்டைப் பிடுங்கிக்கிறானுங்க. அந்தச் சலுகை எனக்கு வேணாம்” என்பாள்.

தபால் பிரிக்கும் கூடத்தில் யாராவது செய்தித்தாளை விரித்தால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைக்கு இவ்வளவு வருமானம், உலகத்திலேயே நாம்தான் முன்னால் என்று அதில் போட்டிருக்கும். “என் தலைக்கு வந்ததை யாரு தின்னா? அந்தக் கொரிந்தாவுக்கும் தலை இருக்குன்னு சேர்த்து எண்ணினானுங்களா?” என்று கேட்பாள். விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏற வேண்டும் என்பது இங்கே சட்டம். அது ஏறும் மாதத்தில் கூடமே கைதட்டும். அவள் மட்டும், “கைதட்டுங்கடா. வீட்டுக்காரன் அதுக்கு முன்னாடியே மோப்பம் பிடிச்சிருப்பான்” என்று மூட்டையைக் கட்டுவாள்.

சென்ற ஏப்ரலில் அவளுக்கே ஒரு பதிவுத் தபால் வந்தது. அவள் குடியிருக்கும் போன்வெக் பகுதிக்குத் தபால் கொண்டுபோகிறவன் அதெரிட்டோ, போர்ச்சுகல்காரர்களின் மகன், ஓயாமல் கேலி பேசுகிறவன். அன்று கேலி இல்லை. பிரிக்கும் மேஜையிலேயே உறையை வைத்து, “கையெழுத்துப் போடு, ஜோசி” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

இருபத்துமூன்று வருடமாக அவள் இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம் அது. பழைய சொந்தக்காரரான ரொட்டிக்கடைக்காரர் கட்டடத்தை யாருக்கோ விற்றது தெரியும். யாருக்கு என்பது அன்றுதான் தெரிந்தது: அவள் தினமும் வணக்கம் சொல்லும் பலகையிலிருந்த கொரிந்தா ஏழு. காரணம், ‘உரிமையாளர் தாமே குடியிருக்கத் தேவைப்படுகிறது.’

“கம்பெனி குடிவருதாம்!” கூடம் அதிரக் கத்தினாள். “அதுக்குக் காலு இருக்கா? காலையில பல்லு தேய்க்குமா? என் கக்கூஸ்ல அது எப்படிடா உக்காரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா இது? தபால்காரியின் சம்பளத்துக்கு இந்த நாட்டில் இன்னொரு வீடு கிடையாது. அவள் மகள் ஏற்கெனவே மோசெல் ஆற்றைத் தாண்டி ஜெர்மனிக்குக் குடிபோய்விட்டாள். இந்த வீடும் போனால் இவளும் எல்லைக்கு அப்பால் படுத்து, விடியுமுன் ரயிலேறி, பிறந்த ஊருக்கு வேலைக்கு வரும் வெளியூர்க்காரி ஆகவேண்டியதுதான். சுவரில் ஒட்டிய சீட்டுக்கு இடம் உண்டு, அதற்குத் தபால் சுமந்து சுமந்து கால் தேய்ந்தவளுக்கு இல்லை என்றால் அது என்ன நாடு?

வாடகைதாரர் சங்கத்து வக்கீல் மறுப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் உரிமையாளரிடம் பதிவுத் தபாலாகச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் வீடு போயிற்று. “இன்னிக்கே குடுத்துடு” என்று அதெரிட்டோ கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. “என் வட்டாரம். நானே குடுப்பேன். பெட்டிக்கு இல்ல, கம்பெனிக்காரன் ஒருத்தன் மூஞ்சிக்குக் குடுப்பேன். ஒருநாள் எவனாவது வரத்தானே வேணும்?” முத்திரை குத்திய கடிதத்தை மாதக்கணக்காக வண்டியிலேயே வைத்துச் சுற்றினாள். தன் வழியில் தபால் தவறாது என்ற திமிர் தபால்காரிக்குத்தான் வரும். மூஞ்சி எதுவும் வரவில்லை. கெடுவின் கடைசி நாள் வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை வழக்கம்போல் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள். “மோயன், கொரிந்தா ஆறு…” அங்கே நின்றுவிட்டாள். ஆறு இருந்தது. எட்டு இருந்தது. நடுவே சீட்டை உரித்த வெள்ளைத் தடம்.

கட்டைவிரல் மணியில் விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கும் கையெழுத்துப் போடும் வரவேற்புக்காரி சொலேன் கதவைத் திறந்தாள். தினமும் பிரான்சிலிருந்து ரயிலில் வருகிறவள், நல்ல பெண்தான்.

“ஏம்மா, ஏழு எங்க?”

“நேத்து சாயங்காலம் எடுத்துட்டாங்க மேடம். இனிமே இங்க இல்ல.”

“எங்க போச்சு?”

“எனக்கு யாரு சொல்றா? பலகையில பேர் இல்லாதவங்க தபாலை நான் வாங்கக் கூடாது. அனுப்பினவங்களுக்கே திருப்பணும். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?” உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “ஐயோ, நீங்களா… எங்க ஊர்ப் பக்கம் வந்துடுங்களேன் மேடம். வாடகை பாதிதான்.”

ஜோசியானின் காதுமடல் சிவந்தது. முகவரி மாறிய தபால்களுக்கு ஒட்டும் வெள்ளைச் சீட்டுச் சுருளை வண்டியிலிருந்து எடுத்து ஒன்றைக் கிழித்தாள். சுவரில் வைத்து, கழுத்துப் பேனாவால் பெரிய எழுத்தில் ‘கொரிந்தா ஏழு’ என்று எழுதினாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒட்டி, நான்கு மூலையிலும் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

“மேடம், அப்படி யாரு வேணாலும் ஒட்டினா…”

“அவனுங்களும் இப்படித்தாம்மா ஒட்டினானுங்க.”

சொலேன் சீட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜோசியான் ஒரு கையில் கடிதத்தையும் சொலேன் கையெழுத்துப் போடவேண்டிய ரசீதையும் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலை மணியில் வைத்தாள். எடுக்கவில்லை.