டென்மார்க்குக்குப் போன கவுன்

பல்லடத்து ராசாத்தாளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் சும்மா கொடுக்கிற முட்டையைக்கூடத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நன்றி சொல்வாள்.

இப்படிப்பட்டவள் எட்டுத் தையல் மெஷின் போட்டு, ஆறு பெண்களை வேலைக்கு வைத்து, குழந்தைகளுக்குக் கவுன் தைத்து, டென்மார்க்குக்கு அனுப்பப் போகிறாள் என்றால் தெரு சிரிக்காதா? சிரித்தது. ஆனால் உள்ளூர்க் கடைகள் கைவிட்டு ஆறு மாதமாகியிருந்தது. இந்த ஆர்டரும் தவறினால் பட்டறையை மூட வேண்டும். ஆறு பெண்களும் வேறு வேலை தேட வேண்டும்.

வழி காட்ட வந்தவள் போத்தனூர் பக்ருன்னிசா. ஒரு பெரிய கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள். இப்போது சின்னப் பட்டறைகளுக்கு வெளிநாட்டுக் கடிதம் எழுதுவது முதல் பெட்டி கட்டுவது வரை பார்த்துக்கொடுக்கிறாள். ராசாத்தாள் அவளை நம்பினாள். கண்ணை எடுக்காமல் நம்பினாள்.

அன்று மூன்று சாம்பிள் கவுன்களை மேசையில் விரித்த பக்ருன்னிசா, கத்தரியை எடுத்து ஒவ்வொன்றிலும் நெஞ்சுக்கு நேராக இரண்டு அங்குலம் வெட்டினாள்.

"அய்யோ, என்னங்க அம்மணி பண்றீங்க!"

"சாம்பிளுங்கக்கா. வெட்டி அனுப்புனாத்தான் விக்கற சரக்கில்லைன்னு அந்த ஊரு கஸ்டம்ஸ்ல வரியில்லாம உள்ள உடுவாங்க. நாலு மணிக்குக் கூரியர்காரரு வருவாருங்க, பொட்டியக் குடுத்துருங்க."

பக்ருன்னிசா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ராசாத்தாள் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டுவதற்கு அனுப்புகிற துணியை யாராவது வெட்டுவார்களா? பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணின் மூக்கைக் கீறுவார்களா? எதிர்த் தெரு தீபக் கம்பெனிக்கும் இவள்தானே கடிதம் எழுதுகிறாள்? அங்கேயும் கத்தரியை எடுத்தாளா, யார் கண்டது?

சரிதான், ஆர்டர் அங்கே போகப் போகிறது.

கவுன்களின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, இழைக்கு இழை கோத்தாள். மூன்று மணி நேரம். முடிந்தபோது வெட்டு எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இஸ்திரி போட்டு, பெட்டியை ஒட்டி, கூரியர்காரரின் அடையாள அட்டையை இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுத்தனுப்பினாள்.

எட்டாம் நாள் பக்ருன்னிசா மூச்சு வாங்க வந்தாள்.

"பொட்டி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுங்கக்கா. காயிதத்துல வெட்டுன சாம்பிள்னு இருக்குது, உள்ள முழுக் கவுன் இருக்குதாம். ஏமாத்தி விக்கப் பாக்கறோம்னு சந்தேகப்படறாங்க."

தன்னைப்போல் ஓர் ஆள் டென்மார்க்கிலும் உட்கார்ந்திருக்கிறான் என்று ராசாத்தாளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் மாட்டியது தன் பெட்டி என்று உறைத்தது.

"அடுத்த வெள்ளிக்குள்ள சாம்பிள் போகலைன்னா ஆர்டர் வேற ஆளுக்குங்க. அந்தக் கூரியர்காரந்தான் பிரிச்சு மாத்தியிருக்கோணும். போலீசுக்கே போயிரலாமுங்க."

கூரியர்காரர் பெயர் மனோஜ்குமார். அட்டையில் படித்திருக்கிறாளே. பாவம், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்க நேரமில்லாமல் ஓடின மனுஷர்.

"அவரு இல்லீங்க," என்றாள் ராசாத்தாள், மெஷினைப் பார்த்தபடி. "நாந்தான் தெச்சுபோட்டனுங்க."

"எதைங்க?"

"நீங்க வெட்டுனதை. தீபக் கம்பெனிக்கு ஆர்டரைத் தள்ளி உடப் பாக்கறீங்கன்னு நெனச்சுபோட்டேன்."

பக்ருன்னிசா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவிங்க தெக்கறது ஜட்டிங்கக்கா! ஜட்டிக்காரங்களுக்கு எதுக்குங்க பாப்பா கவுனு?"

இதை மட்டும் ராசாத்தாள் யோசிக்கவில்லை.

உள்ளே இன்னும் மூன்று கவுன்கள் தைத்து வைத்திருந்தாள். பக்ருன்னிசா கத்தரியை அவளிடம் நீட்டினாள்.

"இந்த வாட்டி நீங்களே வெட்டுங்க. நான் வெட்டுனா நீங்க உடமாட்டீங்க."

ராசாத்தாள் கவுனை மேசையில் நீவி நீவி விரித்தாள். "கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு," என்று அதனிடம் முணுமுணுத்தாள். வெட்டினாள். இரண்டு அங்குலம் கேட்டதற்கு நான்கு அங்குலம் வெட்டினாள்.

பெட்டி வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை டென்மார்க்கிலிருந்து கடிதம் வந்தது. பக்ருன்னிசா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஆறு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நானூறு கவுன், இரண்டே மாதத்தில்.

ராசாத்தாள் முகம் சுருங்கியது.

"நானூறையும் வெட்டோணுங்களா?"

"இல்லீங்கக்கா, இது முழுசா போறது."

"நெசமாலுங்களா?"

"நெசமாலுங்க."

"அப்படின்னா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க அம்மணி," என்றபடி ராசாத்தாள் துணியை எடுக்கப் போனாள்.