பதினான்கு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில்

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். அதில் ஒருமுறைகூட என் கணவர் சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற நிலம் எங்களுடையது. த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் மோட்டார் போட எழுந்து போகிறவர் அவர். நான் ஆசிரியை, காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்கிறவள். ஒரே பஸ்ஸில் எங்காவது போனால்கூட நான் முன்னால் பெண்களோடு இருப்பேன், அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் கனடாவில் இருக்கும் மகன் எங்களைக் கூப்பிட்டான். மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். சென்னையிலிருந்து வளைகுடாவில் ஒரு நகரம்வரை நான்கு மணி நேரம். அங்கே விமானம் மாறினால் அதன்பின் பதினான்கு மணி நேரம். இரண்டாவது விமானம் மாடி வைத்தது. அவ்வளவு பெரியதில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக இடம் போட்டிருந்தார்கள். எனக்கு நடு வரிசையில் இரண்டு பேருக்கு இடையில். அவருக்கு அதே மாதிரி ஓர் இடம், பத்து வரிசை தள்ளிப் பின்னால்.

அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. "பரவால்ல, நீ குந்து, நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் கையில் இருந்த பயணச் சீட்டை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. என் பக்கத்து ஓர இருக்கையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். முழங்கால் முன்சீட்டில் முட்டியது, ஒரு காலை நடைவழியில் நீட்டி வைத்திருந்தார். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பின்னால் கிடைப்பது நடு இருக்கைதான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் கணவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார், எழுந்தார், மேலே இருந்த பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். பதினான்கு மணி நேரமும் அந்தக் கால்களை அவர் எங்கே வைத்திருந்தாரோ. அந்த இரவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் கிடைத்ததுதான்.

விமானம் கிளம்பும்போது விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனால் மேற்கே போகப் போக இருட்டும் கூடவே வந்தது. சாப்பாடு கொடுத்து, தட்டுகளை வாங்கி, விளக்குகளை அணைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் போர்வைக்குள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் தூங்கவில்லை. அவருக்கு அது மோட்டார் போடுகிற நேரம். கையை வைக்க நடுவில் இருப்பது ஒரே கட்டை. முதலில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தோம், பிறகு இரண்டு பேர் கையும் அதன்மேலேயே கிடந்தன.

நிலத்தைக் குத்தகைக்காரர் ஒழுங்காகப் பார்ப்பாரா என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய் பேச்சு மருமகளிடம் வந்தது. அந்த ஊரில் பிரசவ அறைக்குள் புருஷனையும் விடுவார்களாம், பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். நல்லது என்றார் அவர். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"உங்கள மாதிரி கரும்பு வெட்டு இருக்குதுன்னு இருந்துடக் கூடாதில்ல" என்றேன்.

அவர் முன்சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எதைச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கல்வராயன் மலையில் வேலை. பஸ் போகாத ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. வாரக் கடைசியில் இறங்கி வருவேன். எட்டாம் மாதம், அடுத்த வாரம் விடுப்பு. அதற்குள் ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி, கீழே தகவல் சொல்லும்படி கண்டக்டரிடம் சொன்னார். மற்றவர்கள் ஒரு துப்பட்டியை மூங்கிலில் கட்டி, என்னை அதில் படுக்கவைத்து, சங்கராபுரம் பக்கம் இறங்கும் காட்டுப் பாதையில் கொண்டுவந்தார்கள். தூக்கியவர்கள் நான்கு பேர், கூட வந்த பெண்கள் இரண்டு பேர். மழை பெய்தது. ஒரு பெண் என் தலையைத் தாங்கியபடியே நடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. சங்கராபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது மகன் பிறந்திருந்தான். அந்த ஆறு பேர் இல்லையென்றால் நானும் இல்லை, மகனும் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த ஊரிலேயே வேலை பார்த்தேன். மாறுதல் கிடைத்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

என் கணவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். தகவல் முந்தின நாள் சாயங்காலமே அவருக்குப் போயிருந்தது. என் அப்பா வார்டில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "பொண்டாட்டி செத்துப் பொழச்சிக் கெடக்கறா. உனக்குக் கரும்பு பெருசா?" இவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காததால் அதுதான் உண்மை என்று நான் எடுத்துக்கொண்டேன். குறை சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

விமானத்தில் வெகுநேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார். "நான் அன்னிக்கு ராத்திரியே மலைக்கி வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். தகவல் வந்தபோது லாரியில் பாதிக் கரும்புதான் ஏறியிருந்தது. அப்படியே போட்டுவிட்டு யாருடைய மொபெட்டையோ வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தார்ரோடு இருக்கிற கச்சிராயபாளையம் வழியாகத்தான் என்னைக் கொண்டுவருவார்கள் என்று நினைத்து அந்தப் பக்கம் ஏறியிருக்கிறார். மழையில் வண்டி பாதி மலையிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது விடிந்துவிட்டது.

"கதவு தெறந்து கெடந்துச்சி. பாயெல்லாம் ரத்தம். நீ இல்ல. ஒரு பெரியவரு, கீழ கொண்டும் போய்ட்டாங்கன்னாரு. உசுரோட தானான்னு கேக்க வாய் வரல. அப்பிடியே அந்தப் பாதையிலேயே எறங்கினேன்."

"அப்பறம்?"

"பாதையில உன் செருப்பு ஒன்னு கெடந்துச்சி. அத எடுத்துக்கினு நடந்துகினே வந்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று கட்டிலுக்கடியில் இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தன. மாட்டிக்கொண்டு நடந்தேன். தூக்கிக்கொண்டு வரப்பட்டவளுக்குச் செருப்பு எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒன்றை அந்தப் பெண்களில் யாரோ கையில் கொண்டுவந்திருக்கவேண்டும்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க அப்பா அத்தினி பேருக்கு முன்னாடி கேட்டுட்டாரு. அப்ப சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்ற மாதிரிதான இருக்கும். அப்பறம் நீயும் கேக்கல."

நான் கேட்கவில்லைதான். அழுகை வந்தது. எனக்கு மறுபக்கத்து இருக்கையில் இருந்த பெண் விழித்துவிடுவாளோ என்று போர்வையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், காலி டம்ளரை எடுத்துப் பார்த்து வைத்தார், பிறகு பணிப்பெண்ணைப் பார்த்து "தண்ணி" என்றார். தமிழிலேயே. அவள் எப்படியோ புரிந்துகொண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

அதன்பிறகு நிறையப் பேசினோம். அந்த மொபெட்டைத் திரும்ப இறக்கியது, அது நின்ற இடத்தில் கேட்ட யானைக் கதை, அவருக்கு வந்த காய்ச்சல். கடைசியில் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. கை மரத்துப்போயிற்று, பாத்ரூம் போகவேண்டும்போல் இருந்தது, நான் அசையவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அவர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கமாட்டார். சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் யாராவது வாசலில் வந்து கூப்பிட்டிருப்பார்கள். எழுந்து போகமுடியாத அந்த நெருக்கமான இடத்துக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மகன் அறைக்குள்ளேயே இருந்தான்.

என் அப்பா இப்போது இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து, முழுவதையும் சொன்னேன். அந்த வார்டில் அன்று அவனும் நின்றிருந்தான். கடைசிவரை கேட்டுவிட்டு "மாமாகிட்ட குடுக்கா" என்றான்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வுடுப்பா" என்றார். அப்புறம் அங்கே மழை உண்டா, ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.