முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

ரஞ்சனா வாக்சௌரேயின் சமையலறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் அரைச் செங்கல் சுவர். அவள் வீட்டில் குக்கர் விசிலடித்தால் நான் எழுந்துபோய் என் அடுப்பை அணைத்திருக்கிறேன். தேனியிலிருந்து மகாராஷ்டிரத்துச் சங்கம்னேருக்கு வந்த நாள் முதல் இந்தச் சுவரோடுதான் என் குடித்தனம். ரஞ்சனாவைப் பற்றி அவள் புருஷனுக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்றால் அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. சுவர் அப்படி.

புருஷன் பானுதாஸ் பஸ் கண்டக்டர். ரஞ்சனா பஸ் ஸ்டாண்டு ஓட்டல்களுக்குச் சோள ரொட்டி தட்டிக் கொடுப்பாள். விடிந்ததிலிருந்து தட்தட்டென்று அவள் கை மாவில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அவள் மனசு எப்படி இருக்கிறது என்பதை அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஆவணி அமாவாசை நெருங்கினால் சத்தம் கோணலாகிவிடும்.

அந்த அமாவாசைக்கு இங்கே பித்தோரி என்று பெயர். பிள்ளை பெற்றவர்கள் விரதம் இருந்து, மாலையில் பூரியும் பாயசமும் வைத்த தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "அதித் கோண்?" என்று கேட்பார்கள். பின்னால் நிற்கிற பிள்ளை "நான்" என்று தன் பெயரைச் சொல்லித் தட்டை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் பின்னால் யாரும் இல்லாதவளுக்கு அதைவிடக் கொடுமையான நாள் வருஷத்தில் கிடையாது.

ரஞ்சனாவின் ஓரகத்தி மங்கல் அடுத்த சந்தில் இருக்கிறாள். அவளுக்கு மூன்று பையன்கள். வருஷா வருஷம் அந்த வீட்டில் பூரி பொரிப்பது ரஞ்சனாதான். மங்கல் கேட்பாள், பையன்கள் "நான், நான்" என்று முட்டி மோதுவார்கள், இவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை அங்கிருந்து திரும்பிய கையோடு தன் சமையலறையில் நின்று, மெதுவாக, "அதித் கோண்?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. வெறும் தட்டைத்தான் தூக்கியிருப்பாள். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். பதில் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து பானுதாஸ் குரல் வந்தது. டூட்டி முடிந்து வந்து வாசலில் நின்றிருக்கிறான் பாவம்.

"நான்தான். சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்கோ."

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் அழுதாள். எனக்கு மங்கலின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் என்ன செய்தாள், பிள்ளை பெற்றாள், வேறொன்றும் செய்யவில்லை.

டாக்டர்கள் எல்லாம் கையை விரித்த பிறகு தத்துப் பேச்சை எடுத்தது பானுதாஸ்தான். மங்கல் வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனாள். "என் பையன்கள்ல ஒருத்தன எடுத்துக்கயேன். எந்த வீட்டு ரத்தமோ, எதுக்கு?" என்றாள். "உன் பையன் ராத்திரியானா உன் வீட்டுக்குத்தான் ஓடுவான் அக்கா" என்றாள் ரஞ்சனா. காப்பகத்தில் போய்ப் பதிவு செய்தார்கள். கைக்குழந்தைக்காகக் காத்திருந்து காத்திருந்து வருஷங்கள் போயின. கடைசியில் காப்பகத்துச் சுனந்தா மேடம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வளர்ந்த குழந்தை என்றால் சம்மதமா என்று கேட்டாள்.

"ஏழு வயசு. பேரு மைனா. அந்தப் பேர மாத்தக் கூடாது, அவகிட்ட அவளோடதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள் சுனந்தா. பிறகு டீயை ஓரமாக வைத்தாள். "இன்னொண்ணும் மறைக்காமச் சொல்லிடறேன். ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவ. அங்க அக்கம்பக்கத்துல, ஊர்லேர்ந்து வந்திருக்கற விருந்தாளின்னு சொல்லி வச்சிருந்தாங்களாம். கோர்ட்டு ஆர்டர் வரட்டும், அப்புறம் மகள்னு சொல்லிக்கலாம்னு. ஆர்டருக்கு முன்னாடியே ஒத்து வரலன்னு கொண்டுவந்து விட்டுட்டாங்க."

"ஏன்?" என்றான் பானுதாஸ்.

"பொய் சொல்றா, சாப்பாட்ட ஒளிச்சு வைக்கறான்னாங்க. பசிச்ச குழந்தை ஒளிச்சு வைக்காம வேற என்ன செய்யும்?"

மைனா வந்தாள். வந்த அன்றே ரஞ்சனாவை "ஆயி", அதாவது அம்மா, என்று கூப்பிட்டுவிட்டாள். ரஞ்சனா சுவரைத் தட்டக்கூடப் பொறுமையில்லாமல் என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணி, ஆயிங்கறா அண்ணி!" மறுநாள் மைனா பால்காரியையும் ஆயி என்றாள். என்னையும் ஆயி என்றாள். காப்பகத்தில் சோறு போடுகிறவர்கள் எல்லாருமே ஆயிதானாம். ரஞ்சனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, ரொட்டிச் சத்தத்தைத்தான் கேட்டேன். அதுவே போதும்.

அப்படி ஒரு அடக்கமான பிள்ளையை நான் பார்த்ததில்லை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பாள். போட்டதைத் தின்பாள், இன்னும் வேண்டுமா என்றால் "போதும் ஆயி" என்பாள். பிறகு தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டி இருக்கும். சுனந்தா சொல்லிக் கொடுத்தபடி ரஞ்சனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டில் ஒரு டப்பாவில் ரொட்டி வைத்து, "இது உன்னோடது, எப்ப வேணா திறக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். உறைக்குள் ரொட்டி ஒளிப்பது நின்றது. ஆனால் கட்டிலுக்கடியில் இருந்த பை அப்படியே இருந்தது. உடுப்பு, சீப்பு, செருப்பு எல்லாம் மடித்து அடுக்கி, ஜிப் போட்டு, கிளம்பத் தயாராக. ரஞ்சனா அலமாரியில் அவளுக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தும் பார்த்தாள். துவைத்த துணி மறுபடியும் பைக்குத்தான் போனது.

"ஒரு கிளாஸ உடைச்சாளா? ஒரு தடவ முடியாதுன்னாளா?" என்று என்னிடம் வந்து கேட்பாள் ரஞ்சனா. "லாட்ஜ்ல தங்கியிருக்கற மாதிரி இருக்கா அண்ணி. என் பொண்ணு என்னோட ஒரு தடவ சண்டை போட்டா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சுனந்தாவிடமும் இதையே புலம்பினாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கள இழந்துடுவோமோன்னு பயப்படற வரைக்கும் நல்ல பிள்ளையாத்தான் இருப்பா. பயம் விட்டாத்தான் எதிர்த்துப் பேசுவா. சண்டை போட்டா எனக்குப் போன் பண்ணுங்க, பேடா வாங்கிட்டு வர்றேன்."

பித்தோரி வந்தது. ரஞ்சனா தன் வீட்டில் பலகை போட்டு, அரிசி மாவில் தெய்வங்களைப் பிடித்து வைத்தாள். பூரி பொரிக்க நான் போனேன். மங்கலும் வந்தாள், வராமல் இருப்பாளா?

"பித்தோரின்னா வயித்துல சுமந்தவ பண்றது" என்று மாவுத் தெய்வங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு பண்றதுதானே அக்கா? என் பிள்ளை இதோ இருக்கா."

காலையிலேயே ரஞ்சனா மைனாவிடம் சொல்லி வைத்திருந்தாள்: "நான் தட்டத் தூக்கிக்கிட்டு ஒண்ணு கேப்பேன். நீ 'நான் மைனா'ன்னு சொல்லிட்டு வாங்கிக்கணும், என்ன?" மைனா "சரி ஆயி" என்று தலையாட்டினாள். எதற்குத்தான் அவள் சரி என்று சொல்லவில்லை?

ரஞ்சனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பலகை முன் உட்கார்ந்தாள். பாயசக் கிண்ணமும் பூரியும் வைத்த தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரு நாள் காற்றைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

"அதித் கோண்?"

மைனா பின்னால் நின்று தட்டைப் பார்த்தாள்.

"அதித் கோண்?"

மைனா விழித்தாள். இந்த ஊர்ப் பெண்களே பொருள் யோசிக்காமல் சொல்லிக்கொண்டு போகிற பழைய வார்த்தை அது, குழந்தைக்கு என்ன தெரியும்? "அதித்னா என்ன?" என்று மங்கலைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

மங்கல் அன்றைக்கு உதவி செய்யத்தான் நினைத்தாள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். குனிந்து அவள் காதில், ஊருக்கே கேட்கும்படி, "விருந்தாளிடி. வந்திருக்கற விருந்தாளி யாருன்னு ஆயி கேக்கறா. நீதான். சொல்லு, நான்தான்னு" என்றாள்.

சுனந்தா டீயை வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் மைனாவின் முகம் சிவந்துவிட்டது.

"நான் இல்ல."

"சொல்லுடி, கை வலிக்குது ஆயிக்கு" என்றாள் மங்கல்.

"நான் விருந்தாளி இல்ல!" என்று கத்தினாள் மைனா. அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று யார் கண்டது? "மாட்டேன்! சொல்ல மாட்டேன்! விருந்தாளின்னு சொல்லித்தான் கொண்டு போய் விடுவீங்க! நீ கெட்ட ஆயி! எனக்கு உன் பூரி வேணாம்!"

எட்டி ஒரு அடி அடித்தாள். தட்டு கவிழ்ந்தது. பாயசம் ரஞ்சனாவின் முக்காட்டில், கழுத்தில், மாவுத் தெய்வங்களின் தலையில் எல்லாம் வழிந்தது. "அபசகுனம்!" என்று வாயில் கை வைத்தாள் மங்கல். நான் அவளை அதட்டினேன், என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

ரஞ்சனா திரும்பவில்லை. பதில் வரும் வரை திரும்பக் கூடாது. தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. வெறும் தட்டை எடுத்து மறுபடியும் தலைக்கு மேல் பிடித்தாள்.

"விருந்தாளி யாரும் வரல" என்றாள். "என் வீட்டுல, என் முதுகுக்குப் பின்னால நின்னு கத்தறது யாரு?"

மைனா மூக்கை உறிஞ்சினாள்.

"நான்."

"நான்னா?"

"மைனா!" என்று அழுகையும் கோபமுமாக வெடித்தாள் குழந்தை. "எங்கயும் போக மாட்டேன்!"

தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ரஞ்சனா அப்போதுதான் திரும்பினாள். வாசலில் கண்டக்டர் பையோடு நின்றிருந்த பானுதாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மேடத்துக்குப் போன் போடு. பேடா ஒரு கிலோ கொண்டாரச் சொல்லு" என்றான்.

எல்லாரும் போன பிறகு நான் என் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரஞ்சனா தரையைத் துடைத்துக்கொண்டே திட்டினாள், மைனா எதிர்த்துப் பேசினாள். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். அப்படிக் கேட்பது தப்புதான், கேட்டேன்.

பிறகு மைனா கேட்டாள்:

"என்னைப் பெத்த ஆயியும் இன்னிக்குக் கேப்பாளா?"

"தெரியல மைனா" என்றாள் ரஞ்சனா. பொய் சொல்லக் கூடாது என்பதும் சுனந்தாவின் பாடம்தான். "கேப்பான்னுதான் நினைக்கிறேன்."

"அவ பின்னால யாரு இருக்கா?"

அந்தச் சமையலறையில் ஒரு நாள் பதிலில்லாமல் நின்றவள் ரஞ்சனா. மைனாவைப் பெற்றவள் இப்போது எப்படி நிற்பாள் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

கொல்லைப்புற ஜன்னலின் தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எதிரே தெரிகிற கரும்புக் காட்டைப் பார்த்து மைனா கத்தினாள், தெருவே கேட்கும்படி.

"நான்! மைனா!"

காட்டிலிருந்து என்ன வரும்? ஒன்றும் வரவில்லை. ஜன்னல் மூடியது.

"பசிக்குது" என்றாள் மைனா. "இன்னும் ரெண்டு பூரி போடு. சின்னது வேணாம், பெருசாப் போடு."