ஆணியில் தொங்கிய பதினேழு

கரகண்டா நகரத்துக்கு அப்பால் ஒரு சிறு விமான நிலையம். அங்கே கருவி அறைக்குப் பொறுப்பு கம்ஷத். ஆறு வருடங்களுக்கு முன்பு அவளும் மெக்கானிக்தான்; விமானம் பறக்கலாம் என்று முத்திரை குத்தும் உரிமை பெற்றவள். ஒருநாள் உடன் வேலை பார்த்த மார்லென் எண்ணெய்க் குழாயை ஸ்பானர் போடாமல் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, அடுத்த ஷிப்டுக்கு வந்த அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். அவள் முத்திரை குத்தினாள். விமானம் எண்ணெய் ஒழுகத் திரும்பி வந்தது.

"சொன்னேனே. அக்கா டீ குடிக்கிற மும்முரத்துல கேட்கலை போல" என்றான் விசாரணையில். பாவி. முத்திரை அவள் கையைவிட்டுப் போனது. அன்று முதல் கருவி அறைதான்; அவன்மேல் தீராத வன்மம்.

கருவி எடுப்பவன் தன் எண் வில்லையை அந்தக் கருவியின் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்; கருவியைத் திருப்பி வைக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். அன்று ஷிப்டு முடிந்தபோது சின்ன ஸ்பானரின் ஆணியில் பதினேழு தொங்கியது. மார்லெனின் எண். அவனோ கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வெளியேறிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சாவிக்கொத்தோட மகாராணி மாதிரி நிக்கிறீங்க?"

"போய்ட்டு வா தம்பி" என்றாள் கம்ஷத், வாய் நிறைய.

அங்கேயே சொன்னால், தான் வேலை பார்த்த விமானத்தில் ஸ்பானரைத் தேடி எடுத்துவிட்டுத் தப்பித்துவிடுவான். பயணிகள் ஏறட்டும், ஊரே பார்க்க விமானம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். விமானம் நகர்ந்ததும் ரேடியோவை அழுத்தினாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வெறும் இரைச்சல். விமானம் ஓடுபாதை முனையில் திரும்பியது. மூன்றாம் முறைதான் தலைமை மெக்கானிக் சகின்திக் எடுத்தார்.

விமானத்தை நிறுத்திப் பார்த்தபோது எஞ்சின் மூடிக்குள் ஸ்பானர் கிடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மார்லெனைக் கூட்டிவந்து, எல்லோர் முன்னாலும் முத்திரையைப் பிடுங்கினார் சகின்திக். அவன் முகம் செத்துப்போனதைக் கம்ஷத் கண் குளிரப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன்?

சகின்திக் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஷிப்டு முடியும்போதே, அண்ணே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு இவன் எனக்குச் சொன்னானா?"

"நான் ரேடியோவை எடுக்காமலே இருந்திருந்தா?"

அவர் கருவி அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார், கொடுத்தாள்.

மார்லென் உட்கார்ந்திருந்த பெஞ்சில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவன் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள்.