ஜதுசாவைச் சாகடித்த போஸ்டர்

நிப்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து, அஸீம் நானாவின் அச்சுக் கடையில் கணினிக்கு முன்னால் உட்காருகிறவள் அவள். கலியாணக் காட், பிறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். அப்படிப்பட்டவளுக்குப் போஸ்டர் செய்யப் படிப்பித்தார்களே அந்த அல்பம் வெளியீட்டுக் குழுக்காரர்கள், அதைச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஜதுசா என்றொரு பிள்ளை. கோயில் திருவிழா மேடைகளில் வருசக்கணக்காக அடுத்தவர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள். அவள் தனியாகப் பாடிய முதல் அல்பம் வெளிவர இருந்தது. அதற்குப் போஸ்டர் கேட்டு நிப்லாவிடம் வந்தாள்.

"அக்கா, இவ்வளவு காலமும் என்ர குரல் மட்டும்தான் வெளியில போனது. இந்த ஒருக்கா முகமும் போகட்டும். சந்தியில நிண்டு பாத்தாலும் நான்தான் எண்டு தெரியவேணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே நிப்லா சல்லிக்குப் போய்ப் படம் எடுத்தாள். வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து, முடி காற்றில் பறக்க, வாய் திறந்து சிரிக்கிற ஜதுசா. தாள் முழுக்க அவள்தான். கீழே பெரிய எழுத்தில் பெயர். திரையில் அதைப் பார்த்த ஜதுசா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

மறுநாள் வெளியீட்டுக் குழுத் தலைவர் இராகுலன் ஆட்களோடு வந்து இறங்கினார்.

"பிள்ளை, குழுவின்ர படம் இல்லாமல் ஒரு போஸ்டரா?"

நம்மூர் வழக்கம் தெரியும்தானே. என்ன விழா நடந்தாலும் முன்னின்றவர்களின் தலைகள் வரிசையாக வரவேண்டும். ஒரு தலை விடுபட்டால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். சொல்லி வைத்தாற்போல அத்தனை பேரும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கைகூப்பி நிற்கிற படத்தையே அனுப்பினார்கள். ஒருவருக்குக் கறுப்புப் பின்னணிதான் கெத்தாம். இன்னொருவருக்கு மங்களமாக இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வேண்டுமாம். பொம்பிளைப் பிள்ளை வாயைத் திறந்து சிரிப்பது வடிவில்லையாம்! அதனால் அவளுடைய அடையாள அட்டைப் படத்தை நீள்வட்டமாக வெட்டி நடுவில் வைத்து, அடியில் வெளியீட்டுத் தேதியைப் போடச் சொன்னார்கள். அல்பத்தின் பெயருக்கு மிஞ்சியது விரலகல இடம்.

"சேர், இது வேற மாதிரித் தெரியும். நான் எத்தின மரண அறிவித்தல் செஞ்சிருக்கன் தெரியுமா?"

"நாங்கள் சொல்லுறதைச் செய்யுங்கோ பிள்ளை. உங்கட வேலை அதுதானே?"

நிப்லா அஸீம் நானாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கொடுத்தாள்.

மாலையில் ஒட்டினார்கள். விடிந்தபோது, சாவு விழுந்த ஊரில் கடலுக்குப் போவதா என்று சல்லியின் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. போஸ்டர் சேதி கேட்டுத் திரியாயிலிருந்து சொந்தக்காரர்கள் வான் பிடித்து ஒப்பாரியோடு வந்தார்கள். கதவைத் திறந்தது ஜதுசா! மாமிக்காரி அங்கேயே மயங்கி விழுந்தாள்.

"என்னைச் சாகடிச்சுப் போட்டாங்கள் அக்கா," என்று போனில் ஜதுசா விம்மினாள். ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் முகத்தைக் காட்ட ஆசைப்பட்டதற்கு இதுவா பலன்?

கொஞ்ச நேரத்தில் குழுவே கடைக்கு ஓடிவந்தது.

"கெதியா வேற ஒண்டு அடியுங்கோ பிள்ளை, ஊரே ஏசுது!"

நிப்லா பழைய படத்தைத் திறந்தாள். வள்ளத்தில் ஜதுசா சிரித்தாள். இராகுலன் திரையை மேலும் கீழும் கண்ணால் துழாவினார்.

"இதில எங்கட படங்களை எங்க போடப்போறீங்கள்?"

நிப்லா கதிரையைத் திருப்பினாள்.

"சேர், நீங்க எல்லாரும் கைகூப்பி அந்தப் புள்ளைய வழியனுப்பி வச்சிட்டீங்க. செத்தவீட்டுக்கு வந்தவங்க காரியம் முடிஞ்சா வீட்ட போறதுதானே முறை? போங்க!"

அஸீம் நானா எழுந்துபோய் மெசினில் தாள் வைத்தார்.

பழையதைக் கிழிக்க நேரமில்லை, அதன் மேலேயே ஒட்டினார்கள். சல்லிச் சந்தியில் ஜதுசா வாய் நிறையச் சிரிக்கிறாள். குழுவின் தலைகள் அத்தனையும் அவளுக்கு அடியில், பசையோடு பசையாகக் கிடக்கின்றன.