பச்சை பூசியது நான்தான்

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் என் வேலை, செயற்கைக்கோள் படங்களையும் நில உயரத் தகவல்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்தச் சரிவு மழையில் இடியக்கூடும் என்று வரைபடத்தில் நிறம் பூசுவது. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் ஆபத்து குறைவு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். காஜாங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்து வரைபடத்தை முடித்த அன்று, பெருமை தாங்காமல் படத்தை அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். அம்மா தோட்டத்துப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவர். நிறம் மட்டும் அவருக்குப் புரிந்தது.

ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். பின்னால் இருந்த குன்றின் அடியைச் சுவர்போலச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். ஈரச் செம்மண். அதை ஒட்டி, அப்படிக் கிடைத்த இடத்தில், அன்னதானக் கூடாரம். உள்ளே அம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு அங்கிள் இத வெட்டச் சொன்னது?" என்று கோயில் தலைவரிடம் கேட்டேன்.

"நீதாம்மா!" என்று சிரித்தார். "உங்கம்மா காட்டுனாங்களே, இங்க முழுக்கப் பச்சைன்னு. அப்புறம் என்ன பயம்லா?"

நான் பயன்படுத்திய உயரத் தகவல் குன்றை வெட்டுவதற்கு முந்தையது. கணினியைப் பொறுத்தவரை அங்கே இன்னும் மிதமான சரிவுதான் இருந்தது. அங்கேயே நின்று மேலதிகாரியை அழைத்தேன். புதிய அளவீடு வரும்வரை நிறத்தைக் கையால் மாற்றக்கூடாது என்றார். நகராண்மைக் கழகத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்து பார்ப்பார்களாம். கூடாரத்தையாவது தள்ளிப் போடச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன்.

"ஆபீஸ் லெட்டர் கொண்டா, சாப்பு முத்திரை குத்தி. உடனே மாத்திடறேன்," என்றார் தலைவர். "நேத்து பச்சை, இன்னிக்கு சிவப்புன்னா எத நம்புறது? பெரிய படிப்புலா!"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நீ போட்டத நீயே தப்புங்கிறியா? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"ஆமாம்மா. அந்தப் படம் பழசு. இந்த மண்ணு விழும்."

அம்மா தலைவர் பக்கம் திரும்பி, "அப்ப நான் இங்க சமைக்கல, அண்ணே," என்றார்.

சமைக்க வேறு ஆள் இல்லை. தலைவர் முணுமுணுத்தபடி ஆட்களைக் கூப்பிட்டு, கூடாரத்தை நகர்த்த வைத்தார். பத்தடி.

வெட்டு அதைவிட உயரம்; இடிந்தால் மண் கூடாரம்வரை வரும். "இது பத்தாது, அங்கிள்," என்று நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.