வெப்ப விளக்கின் முன்னால்

சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த வருடங்களில், குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் குமாஸ்தா. அங்கேதான் அந்தப் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். கோயமுத்தூர்க்காரர். கம்பளி ஸ்வெட்டர், மப்ளர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். எலும்பு, தசை, நரம்பு, உடற்பயிற்சி, மின்சார சிகிச்சை, எல்லாம் சேர்த்து நான்கு வருடப் பட்டப்படிப்பு. நோயாளிகளின் தோளுக்கும் முதுகுக்கும் என்று வாங்கிய வெப்ப விளக்கில் தன் கைகளைச் சூடாக்கிக்கொண்டேதான் இதைச் சொல்வார்.

ஒருநாள் சிலோனிலிருந்து வந்த ஒரு பெண் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தேயிலை பறிக்கும் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

"கொழுந்து எடுக்க ஏலாட்டி தோட்டத்துல பேர் பதிய மாட்டாங்க ஐயா," என்றாள்.

அவர் கைகளைத் தேய்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் விளக்கின் முன்னால் நீட்டினார். மதியமாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவங்களப் பாக்கலீங்களா?"

"ஏனுங்க, சில்லுன்னு இருக்கற கையோட நோயாளியத் தொடக்கூடாதுங்க. காலேஜ்ல மொதப் பாடமே அதுதானுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க."

"நாளைக்கு மட்டும் குன்னூர்ல வெயில் கொளுத்துமாங்க?"

அந்தப் பெண் எழுந்து வந்து தோளைக் காட்டி நின்றாள். "மழையில நனைஞ்சுதான் ஐயா எங்களுக்கு வேலையே. சும்மா தொடுங்க."

அவர் இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த நான்கு வருடப் படிப்பில் இரண்டாவது பாடம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.